அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்

கொல்கத்தாவில் நோயாளிகளுக்கு நடுவே வாழ்ந்த அன்னை தெரசா, என்றாவது ஒருநாள் ஒரு பேஸ்பால் பந்தைக் கையில் வாங்கி, சிவப்புத் தையலுக்கு நடுவே நிதானமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பாரா? கேட்டதுமே சிரிப்பு வருகிறது. ஆனால் 1990களின் இறுதியில் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. கைப்பற்றிய போலிச் சரக்கில் அப்படியொரு பந்து இருந்தது. பந்து அசல்தான். கையெழுத்து மட்டும் கலிபோர்னியாவில், சான் டியேகோ பக்கத்து ஊர் ஒன்றில் உட்கார்ந்து போட்டது.

அதைப் போட்டவர் கைக்கு வராத கையெழுத்தே கிடையாது என்று சொல்லலாம். பேஸ்பால் உலகின் சூப்பர் ஸ்டார் பேப் ரூத், அவருக்கு அடுத்த தலைமுறை மிக்கி மேன்டில் என்று யார் கேட்டாலும் எழுதித் தருவார். அவரைச் சுற்றி ஒரு கும்பல். ஒருவர் பழைய பந்துகளையும் பழைய காகிதத்தையும் தேடிப் பிடிப்பார். இன்னொருவர் கடைகளுக்கு அனுப்புவார். 'இது அசல்தான்' என்று சான்றிதழ் எழுதித் தரவும் ஆள் உண்டு. பழைய புத்தகங்களின் முன்பக்கத்து வெற்றுத் தாளைக் கிழித்தெடுத்து அதில் கையெழுத்துப் போட்டால், தாளின் வயதில் யாரும் குறை காண முடியாது.

எஃப்.பி.ஐ. இந்த வேட்டைக்கு வைத்த பெயர் 'ஆபரேஷன் புல்பென்'. பேஸ்பாலில் புல்பென் என்பது மாற்றுப் பந்துவீச்சாளர்கள் கையைச் சூடேற்றிக்கொள்ளும் இடம். பெயருக்குள் ஒரு பேனாவும் ஒளிந்திருக்கிறது. அமெரிக்கப் பேச்சுவழக்கில் அந்தப் 'பென்' சிறைச்சாலையையும் குறிக்கும். காவல்துறையில் யாரோ ஒரு சிலேடைப் பிரியர் இருந்திருக்கிறார்.

1990களின் நடுவில், கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானின் பெயரில் சிகாகோவில் புழங்கிய போலிக் கையெழுத்துகளைத் துரத்திப் போனதில்தான் நூல் கிடைத்தது. நூலைப் பிடித்துக்கொண்டு போனால் அது சான் டியேகோவில் முடிந்தது. அந்த ஊர்ப் பாட்ரெஸ் பேஸ்பால் அணியின் நட்சத்திரம் டோனி க்வினும், தன் சொந்த மைதானத்துக் கடையிலேயே தன் பெயரில் போலிக் கையெழுத்து விற்பதைக் கண்டு சொன்னார். அப்புறம் எஃப்.பி.ஐ. ஆள் ஒருவர், ஆசியச் சந்தைக்கு ஏற்றுமதி செய்யும் வியாபாரி வேடத்தில் கும்பலிடம் சரக்கு வாங்க ஆரம்பித்தார். 1999 அக்டோபரில் பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் கதவு தட்டப்பட்டது. வழக்கு பல ஆண்டுகள் நீண்டு முடிந்தபோது உடைபட்ட போலிக் கும்பல்கள் மொத்தம் 18. கையெழுத்திட்ட விளையாட்டு நினைவுப்பொருள்களில் பாதிக்கு மேல் போலியாக இருக்கலாம் என்பது அப்போது எஃப்.பி.ஐ. சொன்ன மதிப்பீடு. அந்தச் சந்தையின் அளவு அன்றைக்கே ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டாலர்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் ஈபே வளர்ந்துகொண்டிருந்தது. 1995இல் தொடங்கிய அந்த ஏலத் தளம் வந்த பிறகு போலி விற்பவருக்குக் கடையும் தேவையில்லை, கண்ணாடி அலமாரியும் தேவையில்லை. வாங்குபவர் பந்தைக் கையில் உருட்டிப் பார்க்கவும் வழியில்லை. ஒரு புகைப்படம், நான்கு வரி விளக்கம், 'சான்றிதழ் உண்டு' என்ற ஒரு சொல். அவ்வளவு போதும்.

மைதானத்துக்கு வெளியே பத்து, இருபது டாலருக்குக் கிடைக்கும் பந்துக்கு லட்சக்கணக்கில் ஏன் கொடுக்கிறார்கள் என்பது உளவியல் ஆய்வாளர்களை நீண்ட நாளாக உறுத்தும் கேள்வி. ஜார்ஜ் நியூமன், கில் டீசென்ட்ரக், பால் புளூம் மூவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சுவையான சோதனை இருக்கிறது. விருப்பமான பிரபலம் ஒருவர் அணிந்த ஸ்வெட்டரை வாங்க எவ்வளவு ஆசை என்று கேட்டார்கள். ஆசை நிறையவே இருந்தது. அதே ஸ்வெட்டரைக் கிருமிநீக்கம் செய்துவிட்டோம் என்றதும் ஆசை இறங்கிவிட்டது. துணி அதே துணி, அணிந்தவரும் அதே ஆள். தொட்டதன் தடம் போய்விட்டது என்ற எண்ணம் மட்டுமே மதிப்பைக் குறைத்தது. சாமி கழுத்திலிருந்து எடுத்துக் கொடுத்த மாலைக்கும் பூக்கடை மாலைக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இது புதிய செய்தியில்லை.

விலை முழுக்க அந்தக் கண்ணுக்குத் தெரியாத தொடர்பில் இருக்கிறது. அதைத் தராசில் நிறுக்க முடியாது, நுண்ணோக்கியில் பார்க்க முடியாது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆய்வகத்துக்குப் பந்து, மை, நூல் ஆகியவற்றைப் பற்றித்தான் தெரியும்.

அதுவே எவ்வளவு தெரியும் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும்.

பேப் ரூத் இறந்தது 1948 ஆகஸ்டில். அவர் காலத்து அதிகாரபூர்வப் பந்து ஒவ்வொன்றிலும் அந்தந்த லீகின் தலைவர் கையெழுத்து அச்சிடப்பட்டிருக்கும். நேஷனல் லீக் தலைவராக வாரன் ஜைல்ஸ் பொறுப்பேற்றது 1951இல். ஆகவே ஜைல்ஸ் பெயர் அச்சான பந்தில் ரூத் கையெழுத்து இருந்தால், ரூத் இறந்து மூன்றாண்டுக்குப் பிறகு எழுந்து வந்து போட்டிருக்க வேண்டும். இப்படிப்பட்ட பந்துகள் சந்தைக்கு வந்திருக்கின்றன. ஏமாற்றுக்காரர்களுக்கும் வரலாற்றுப் பாடம் அவசியம் என்பது அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை.

பேனாவும் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். அமெரிக்கக் கடைகளில் பால்பாயிண்ட் பேனா விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபர் இறுதியில். லூ கெஹ்ரிக் என்ற இன்னொரு பேஸ்பால் மேதை, பிற்பாடு அவர் பெயராலேயே அழைக்கப்பட்ட நரம்பு நோயால் 1941இல் இறந்துவிட்டார். கெஹ்ரிக் கையெழுத்து பால்பாயிண்டில் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. இன்று வீரர்கள் பைகளில் இருக்கும் ஷார்ப்பி மார்க்கர் 1964இல்தான் பிறந்தது. பந்தின் தோலுக்கும் வயது உண்டு: பெரிய லீக் பந்துகள் குதிரைத் தோலிலிருந்து மாட்டுத் தோலுக்கு மாறிய ஆண்டு 1974.

அடுத்தது புற ஊதா விளக்கு. இருட்டறையில் இந்த விளக்கைப் போட்டுப் பார்த்தால் நவீனக் காகிதம் நீலமாகப் பளபளக்கும். காகிதத்தை வெள்ளை வெளேரெனக் காட்டுவதற்காக ஆலைகளில் சேர்க்கப்படும் வெண்மையூட்டிதான் காரணம். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை விழுங்கி நீல ஒளியாகத் திருப்பி உமிழும். சலவைத்தூள் விளம்பரத்தின் பளிச்சென்ற வெண்மைக்குப் பின்னாலும் இதே வேதியியல்தான். வெண்மையூட்டிகள் காகிதத்தில் பரவலாகப் புழங்கியது சுமார் 1950 முதல். 1910இல் அச்சான அட்டை என்று விற்கப்படும் ஒன்று விளக்கடியில் நீலமாக ஒளிர்ந்தால் அதோடு கதை முடிந்தது. பழைய ஜெர்சிகளின் தையல் நூலுக்கும் இந்தச் சோதனை பொருந்தும். ஆனால் பழைய ஜெர்சியை இடையில் யாராவது புதிய சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும் என்பதால், இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும்.

மையின் வயதைக் கணிக்கவும் வழி இருக்கிறது. பல பால்பாயிண்ட் மைகளில் பீனாக்சி எத்தனால் என்ற கரைப்பான் கலந்திருக்கும். எழுதிய நாளிலிருந்து அது மெல்ல ஆவியாகும்; முதல் சில மாதங்களில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் குறையும்; இரண்டு ஆண்டு வாக்கில் மாற்றம் அநேகமாக அடங்கிவிடும். முப்பது ஆண்டு பழையது என்று சொல்லப்படும் கையெழுத்தில் அது இன்னும் தாராளமாக இருந்து, இன்னும் குறைந்துகொண்டும் இருந்தால், போட்டவர் அண்மையில்தான் போட்டிருக்கிறார். சோதனைக்கு ஒரு குண்டூசி முனை அளவு மையைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்பதுதான் தொல்லை. கோடி ரூபாய்க் கையெழுத்தில் ஓட்டை போட எந்த உரிமையாளர் சம்மதிப்பார்?

கையெழுத்தை எடுத்துக்கொள்வோம். பழகிய கையெழுத்தைப் போடும்போது நம் கண் பெரும்பாலும் வேலை செய்வதில்லை. மூளை முழு அசைவையும் முன்கூட்டியே ஒரு கட்டாகக் கைக்கு அனுப்பிவிடுகிறது. காகிதத்தில் படும் முன்பே பேனா ஓடத் தொடங்கியிருக்கும். தாளை விட்டுப் பிரிந்த பிறகும் காற்றில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் கோட்டின் தொடக்கமும் முடிவும் எலி வால் போல மெலிந்திருக்கும். வளைவுகளில் மை கனக்கும், நேர் ஓட்டத்தில் இளைக்கும். பார்த்து வரைபவரின் கை இப்படி ஓடாது. ஒரு கண் மாதிரியில், ஒரு கண் தாளில். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கண்ணிலிருந்து மூளை, மூளையிலிருந்து கை என்று ஒரு சுற்று போய்வர வேண்டும். அந்தத் தாமதம் உருப்பெருக்கியின் கீழ் நடுக்கமாகத் தெரியும். தொடக்கமும் முடிவும் மொட்டையாக நிற்கும். நடுவில் பேனாவைத் தூக்கி வைத்த இடத்தில் ஒரு சின்ன மைப்பொட்டு உட்கார்ந்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு கையெழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் அச்சாகப் பொருந்துகின்றன என்றால் அது அசலுக்கான அறிகுறி இல்லை. எந்த மனிதரும் ஒரே கையெழுத்தை இம்மி பிசகாமல் இரண்டு முறை போட்டதில்லை. அப்படிப் பொருந்தினால் ஒன்று மேலே வைத்துப் படியெடுத்தது, அல்லது கையெழுத்து இயந்திரம் போட்டது. பேப் ரூத் கையெழுத்தே காலத்தோடு மாறியது. தொடக்கத்தில் 'பேப்' என்ற செல்லப்பெயரை மேற்கோள் குறிக்குள் போடுவார், பின்னாளில் அதை விட்டுவிட்டார். போதாக்குறைக்கு, நட்சத்திரங்களுக்கு நேரமில்லாதபோது ஓய்வறை உதவியாளர்களே வீரரின் பெயரைப் பந்துகளில் எழுதிக் கொடுப்பது அந்தக் காலத்தில் சகஜம். மைதானத்துக்குள்ளேயே, அணியின் அறிவோடு பிறந்த போலி அது. காகிதம், மை, பந்து, காலம் எல்லாம் சரியாக இருக்கும். கை மட்டும் வேறு.

சான் டியேகோக் கும்பலின் பலமும் இங்கேதான் இருந்தது. ஆயிரக்கணக்கில் போட்டுப் போட்டு அந்தக் கைக்கு நடுக்கம் போய்விட்டது. பார்த்து வரைவது நின்று, தன் சொந்தக் கையெழுத்துப் போலவே ஓட ஆரம்பித்துவிட்டது. பழைய பந்து, பழைய தாள், ஓடும் கை என்று மூன்றும் சேர்ந்தால் ஆய்வகத்தின் பெரும்பாலான கேள்விகளுக்குப் பதில் தயார்.

ஆய்வகம் 'இல்லை' என்று உறுதியாகச் சொல்லும். 'ஆம்' என்று சொல்ல அதனால் முடியாது. 'மறுக்க எதுவும் கிடைக்கவில்லை' என்பதோடு நின்றுவிடும். வாங்குபவர் காதில் இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன. ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சந்தையில் ஒரு வீரரின் பெயரில் 100 பந்துகள். அவற்றில் 80 போலி என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒன்பது முறை சரியாகச் சொல்லும் கைதேர்ந்த நிபுணர் ஒருவர் எல்லாவற்றையும் பார்க்கிறார். 20 அசலில் 18ஐ ஏற்பார். 80 போலியில் 72ஐத் தள்ளுவார். 8 அவர் கண்ணைத் தப்பிவிடும். ஆக அவர் சான்றளித்த 26 பந்துகளில் 8 போலி. ஏறக்குறைய மூன்றில் ஒன்று. நிபுணர் நேர்மையானவர், திறமைசாலி. அப்படியும் இந்தக் கதி. குட்டையில் போலி மிகுந்திருந்தால் நல்ல வலையும் நம்பத்தகாததாகிவிடும்.

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை வைத்து இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அந்தக் கட்டுரை முக்கியக் காரணம். நல்ல கார் எது, ஓட்டைக் கார் எது என்று வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே எல்லாவற்றுக்கும் சராசரி விலைதான் கொடுப்பார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் விலகுவார். சந்தையில் ஓட்டைகளின் விகிதம் கூடும், சராசரி விலை இன்னும் இறங்கும். இணைய ஏலத்தில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்க ஜிஞ்சர் ஜின், ஆண்ட்ரூ காட்டோ என்ற இரு ஆய்வாளர்கள் ஈபேயில் தரம் பிரிக்கப்படாத பேஸ்பால் அட்டைகளைத் தாங்களே காசு கொடுத்து வாங்கி, தரம் பிரிக்கும் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். 2006இல் வெளியான முடிவு கசப்பானது. 'புத்தம் புதுசு, பத்துக்குப் பத்து' என்று அடித்துவிட்டவர்களுக்கு அதிக விலை கிடைத்தது. வந்து சேர்ந்த அட்டையின் தரம் அப்படி ஒன்றும் உயரவில்லை. நல்ல பெயர் எடுத்த விற்பனையாளர்கள் பெரும்பாலும் அப்படிப் பெருமை பேசவில்லை.

அகர்லாஃப் சொன்ன வாங்குபவர் எச்சரிக்கையானவர். சந்தேகம் வந்தால் விலையைக் குறைப்பார். ஈபே வாங்குபவரோ நம்ப ஆசைப்படுகிறவர். இந்தத் தொழில் இவ்வளவு காலம் தழைத்ததற்கு இந்த ஆசைதான் உரம்.

பொருளே அசலாக இருந்தும் மோசடி நடக்கும் என்பதற்கு ஹோனஸ் வாக்னர் அட்டையை மிஞ்சிய உதாரணம் இல்லை. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சிகரெட் பெட்டிகளுக்குள் பேஸ்பால் வீரர்களின் வண்ண அட்டைகளை வைத்து விற்றது. சேகரிப்பாளர்கள் அந்த வரிசையை டி206 என்பார்கள். தன் படத்தைப் போடக்கூடாது என்று வாக்னர் மறுத்துவிட்டதால் அவர் அட்டை கொஞ்சம்தான் வெளியே போனது. இன்று எஞ்சியிருப்பவை சில பத்துகளே. நூறாண்டு பழைய சிகரெட் அட்டை என்றால் முனை மழுங்கி, ஓரம் சிதைந்துதான் இருக்கும். ஒன்றே ஒன்று மட்டும் கத்தி போன்ற விளிம்போடு நேற்று அச்சானது போல நின்றது. 1991இல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணி உரிமையாளரும் அதை 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். தரம் பிரிக்கும் நிறுவனமான பி.எஸ்.ஏ. அதற்கு 8 மதிப்பெண் போட்டு, தன் முதல் எண்ணையும் கொடுத்தது. 2000இல் ஈபே வழியாக நடந்த ஏலத்தில் விலை 12.65 லட்சம் டாலர். 2007இல் 28 லட்சம்.

அட்டை அசல். ஆனால் அந்தக் கத்தி விளிம்பு உண்மையிலேயே கத்தியால் வந்தது. 1985இல் அந்த அட்டையை 25,000 டாலருக்கு வாங்கிப் பின்னர் கைமாற்றிய பில் மாஸ்ட்ரோ, அதன் ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதை 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதற்குள் அவர் விளையாட்டு நினைவுப்பொருள் ஏலத்தில் அமெரிக்காவின் மிகப் பெரிய புள்ளியாகிவிட்டிருந்தார். அவர் ஒப்புக்கொண்ட இன்னொன்று, ஏல நிறுவனமே ஆள் வைத்து ஏலம் ஏற்றியது. உண்மையான வாங்குபவர் 10,000 என்று கேட்டால், நிறுவனத்தின் சொந்தக் கணக்கு ஒன்று 11,000 என்று கேட்கும். ஊர்க் கோயில் ஏலத்தில் எலுமிச்சம்பழத்துக்கு மச்சானை விட்டு விலை ஏற்றுகிற அதே உத்திதான். கணினித் திரையில் மச்சான் முகம் தெரியாது, அவ்வளவுதான். மாஸ்ட்ரோவுக்கு 2015இல் 20 மாதச் சிறை கிடைத்தது. 2022இல் ஓரம் சிதைந்து, தரம் 2 மட்டுமே வாங்கிய வேறொரு வாக்னர் அட்டை 72.5 லட்சம் டாலருக்குப் போனது.

பொருளிடம் கேட்டுப் பதில் வராதபோது, அதே பொருளின் பழைய புகைப்படத்திடம் கேட்கலாம் என்ற யோசனை இந்தத் துறையைப் புரட்டிப் போட்டது. ஆங்கிலத்தில் ஃபோட்டோ மேட்சிங் என்கிறார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று காட்ட ஒரு நீலச் சட்டை போதும்.

1986 ஜூன் 22, மெக்சிகோ நகரின் அஸ்டெகா மைதானம். உலகக் கோப்பைக் கால்பந்துக் காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக அர்ஜென்டினாவின் மரடோனா கையால் தட்டி ஒரு கோல், நான்கு நிமிடம் கழித்துப் பாதி மைதானத்தைக் கடந்து ஓடி ஒரு கோல் அடித்தார். ஆட்டம் முடிந்து வெளியேறும்போது இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ் அவரோடு சட்டையை மாற்றிக்கொண்டார். மரடோனாவின் அந்தச் சட்டை பல ஆண்டுகள் இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்தில் இருந்தது. 2022இல் சதபீஸ் நிறுவனம் அதை இணைய ஏலத்துக்குக் கொண்டுவந்ததும் மரடோனாவின் மகள் ஒரு குண்டைப் போட்டார்: ஹாட்ஜிடம் இருப்பது முதல் பாதியில் அணிந்த சட்டை; கோல் அடித்தபோது போட்டிருந்தது அதுவல்ல. இரண்டு கோலும் விழுந்தது இரண்டாம் பாதியில். மரடோனா 2020இலேயே இறந்துவிட்டதால் அவரிடம் கேட்கவும் வழியில்லை.

அந்தச் சட்டை பிறந்த கதை இங்கே கைகொடுத்தது. மெக்சிகோ வெயிலுக்கு முந்தைய சட்டை கனமாக இருக்கிறது என்று பயிற்சியாளர் பிலார்டோ குறைபட்டதால், உள்ளூர்க் கடையில் லேசான நீலச் சட்டைகளை அவசரமாக வாங்கி வந்தார்கள். அணிச் சின்னத்தைக் கையோடு தைத்தார்கள். அமெரிக்கக் கால்பந்துக்கு உரிய, வெள்ளி மினுமினுப்பு எண்களை வாங்கி இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினார்கள். தொழிற்சாலையில் செய்திருந்தால் ஒரு சட்டை போலவே இன்னொன்றும் இருந்திருக்கும். அவசரத்தில் கையால் செய்ததால் ஒவ்வொன்றிலும் சின்னம் ஒரு நூல் சாய்ந்திருக்கும், எண் பட்டையின் மேல் விழும் இடம் கொஞ்சம் மாறியிருக்கும். சதபீஸ் அமர்த்திய புகைப்பட ஒப்பீட்டு நிபுணர்கள், கோல் நேரத்துப் படங்களில் சின்னம், பட்டை, எண் ஆகியவற்றின் நுணுக்கங்களைக் கையிலிருந்த சட்டையோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பொருத்தினார்கள். சட்டை 71.4 லட்சம் பவுண்டுக்குப் போனது.

ஆய்வகத்தால் சொல்ல முடியாத 'ஆம்' என்பதை இந்த முறை சொல்கிறது. அந்தக் கணத்தில் எடுத்த படமே சாட்சிக்கு வருகிறது. 2005இல் 9,40,000 டாலருக்கு விற்ற பேப் ரூத்தின் 1932ஆம் ஆண்டு ஜெர்சி, 2024 ஆகஸ்டில் 2.41 கோடி டாலருக்குப் போனதில் சந்தையின் காய்ச்சலுக்குப் பங்கு உண்டுதான். இடையில் சேர்ந்த புகைப்படச் சான்றுக்கும் பெரிய பங்கு உண்டு. கிரிக்கெட் மட்டைக்கு இது இன்னும் எளிது. மரத்தின் ரேகை மட்டைக்கு மட்டை மாறும். 2011 உலகக் கோப்பை இறுதியில் குலசேகரா பந்தைச் சிக்ஸருக்கு அனுப்பிய தோனியின் மட்டை அதே ஜூலையில் லண்டனில் 1,00,000 பவுண்டுக்கு ஏலம் போனது. அந்தச் சிக்ஸரை மறுபடி மறுபடி பார்த்த நாட்டில் அந்த மட்டைக்குப் படத்துக்கா பஞ்சம்?

படம் இல்லாத பொருளுக்கு இன்னொரு வழி, பிறக்கும்போதே அடையாளம் இட்டுவிடுவது. 1998இல் பேஸ்பால் வீரர் மார்க் மக்வயர் ஒரே பருவத்தில் அதிக ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் போன்ற அடி) என்ற சாதனையை நெருங்கியபோது, அவருக்கு வீசப்பட்ட பந்துகளில் எண்ணும் கண்ணுக்குத் தெரியாத குறியும் இட்டார்கள். அவருடைய 70ஆவது ஹோம் ரன் பந்து அடுத்த ஜனவரியில் 30 லட்சம் டாலருக்கு மேல் விற்றது. குறி இல்லாவிட்டால் அன்று அரங்கத்தில் எத்தனை '70ஆவது பந்துகள்' பிறந்திருக்குமோ. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் விற்பனைப் பொருள்களில் டி.என்.ஏ. கலந்த மையையே பயன்படுத்தினார்கள்.

புல்பென் வழக்குக்குப் பிறகு, 2001இல் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு தனியாக ஒரு சான்றுத் திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு ஆட்டத்திலும் காவல்துறை அனுபவம் உள்ள ஒருவர் வீரர்களின் கூடாரத்துக்கு அருகே உட்கார்ந்திருப்பார். பந்து, உடைந்த மட்டை, தளப்பலகை, ஏன் மைதானத்து மண் வரைக்கும் அவர் கண்ணெதிரே கைமாற வேண்டும். மாறியதும் உரித்தால் கிழிந்துபோகும் ஹாலோகிராம் ஸ்டிக்கர் ஒட்டி, எண்ணைப் பதிவு செய்வார். பந்து ஒரு நொடி அவர் பார்வையிலிருந்து மறைந்தாலும் ஸ்டிக்கர் கிடையாது. குற்றம் நடந்த இடத்தில் தடயம் சேகரிக்கும் ஒழுங்கு இது. போலீஸ்காரர்களைத் தேர்ந்தெடுத்ததில் அர்த்தம் இருக்கிறது.

அப்புறம் என்ன, போலிக்காரர்கள் பந்தை விட்டுவிட்டு ஸ்டிக்கரைப் பிடித்துக்கொண்டார்கள். 2025 ஜூலையில் இண்டியானா மாநிலத்தில் ஒரு விற்பனையாளரின் இடத்துக்குச் சோதனைக்குப் போன போலீசார் அவரைப் பிணமாகக் கண்டார்கள். அவர் எழுதியதாகச் சமூக வலைத்தளத்தில் வெளியான பதிவு, பல நிறுவனங்களின் ஹாலோகிராம்களைப் போலியாகச் செய்து 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களை விற்றதாகவும், வரவு 35 கோடி டாலரைத் தாண்டியதாகவும் சொன்னது. எண்ணிக்கை மிகையாக இருக்கலாம் என்று துறையில் பலர் கருதுகிறார்கள். ஆனால் உத்தி புரியக்கூடியது. அசல் பொருள் ஒன்றின் எண்ணை எடுத்து அதே வகைப் பத்துப் பொருள்களில் ஒட்டினால், இணையத்தில் தேடுபவருக்குப் பத்தும் அசலாகவே தெரியும்.

2022 அக்டோபர் 4 அன்று டெக்சாஸில் நியூயார்க் யாங்கீஸ் வீரர் ஆரன் ஜட்ஜ் 62ஆவது ஹோம் ரன் அடித்து அமெரிக்கன் லீகின் 61 ஆண்டுச் சாதனையை முறியடித்தார். அவர் மட்டை பிடிக்க வரும்போதெல்லாம் சாதாரணப் பந்துகளை ஒதுக்கிவிட்டு, ரகசியக் குறியிட்ட பந்துகளைத்தான் கொடுத்தார்கள். இடது பக்க இருக்கையில் அதைப் பிடித்த ரசிகரைக் காவலர்கள் சூழ்ந்து உள்ளே அழைத்துப் போய்ச் சான்றளித்தார்கள். போலி என்று யாரும் விரல் நீட்ட முடியாத பந்து. 30 லட்சம் டாலர் தருவதாக ஒரு அழைப்பு வந்தது. அவர் மறுத்துவிட்டு இணைய ஏலத்துக்குக் கொடுத்தார். டிசம்பரில் ஏலம் 15 லட்சத்தோடு நின்றுவிட்டது.